ஐந்து உருப்படி, எண்பது நிமிஷம்

போன வாரக் கதையில் மாமியாரையும் மருமகளையும் விமானத்தில் ஏற்றிவிட்டுப் பிரிந்தோம். விமானம் பத்திரமாகத்தான் இறங்கியது, ஆனால் முக்கால் மணி நேரம் தாமதமாக. அதன் பிறகு சாமான் வரும் பெல்ட்டின் முன்னால் அரை மணி நேரக் காத்திருப்பு. கடைசி உருப்படியான கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது.

பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம்.

மாமியார் கடிகாரத்தை இரண்டாம் தடவை பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் இன்றைக்கும் எல்லோருக்கும் டீச்சர்தான். பெற்ற பெண் குட்டி மட்டும் நான்கு வருஷமாக அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, கிரேன் ஓட்டப் போகிறேன் என்று அவள் பெருநகரத்துக்குக் கிளம்பிய அன்று, "அந்த வேலைக்குப் போறதா இருந்தா இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று சொன்னது டீச்சர்தான். அம்மா சொன்னதைக் குட்டி மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்ட ஒரே தடவை அதுதான். அவள் படி ஏறவே இல்லை.

முந்தாநாள்தான், கப்பலில் இன்ஜினீயராக இருக்கும் அண்ணனின் போனுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அடுத்த வாரம் இருவரும் வேறு நாட்டுத் துறைமுக நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். திரும்பி வருவது எப்போது என்று தெரியாது. கடைசி வரி: ‘அம்மா வந்தா வரட்டும்.’ மாப்பிள்ளை பல் செட் செய்பவர் என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை.

அந்த ‘வந்தா வரட்டும்’ ஒன்றைப் பிடித்துக்கொண்டு டீச்சர் குட்டியின் அறையையே காலி செய்து மூட்டை கட்டிவிட்டார். இரண்டு பெரிய சக்கரப் பெட்டி, ஒரு கேன்வாஸ் பை, புத்தகம் அடைத்த அட்டைப்பெட்டி, போர்வையும் துணிமணியும் திணித்து வயிறு புடைத்த உருளைப் பை. மன்னித்துக்கொள் என்று வாய் திறந்து சொல்லத் தெரியாதவர் அதை எழுபத்தோரு கிலோவாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

மகன் நடுக்கடலில் இருந்ததால் துணைக்கு மருமகள். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு மேற்பார்வை வேலை. யாராவது கேட்டால் டீச்சர், "கம்பெனில இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பெண் கிரேன், மருமகள் மூட்டை முடிச்சு. பாரம் தூக்குவதற்கும் தன் குடும்பத்துக்கும் என்னதான் பந்தமோ என்று உள்ளுக்குள் நொந்துகொள்வார்.

"டாக்ஸி பிடி" என்றார் டீச்சர், தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி.

மருமகள் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தாள். டாக்ஸி வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து தூண் தூணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விசாரணை ஜன்னலிலும் அதே கதை.

"ஒரே ஒரு நிமிஷம் அத்தை. இங்கேயே இருங்க."

"இன்னும் என்ன நிமிஷம்? இருக்கிறதே எண்பது நிமிஷம்தான்!"

அவள் அதற்குள் போய்விட்டாள். எங்கே போகிறாள் என்று பார்த்தால், பழச்சாறு கடைக்கு! டீச்சருக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

கடைக்காரப் பெண் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். ஒரு கையால் ஏப்ரன் கயிற்றைக் கட்டிக்கொண்டே மறு கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் அவளிடம் ஜூஸ் கேட்கவில்லை.

"அக்கா, நீங்க இன்னைக்குக் காலையில எதுல வந்தீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க!" என்று ஆரம்பித்தாள் அவள், இத்தனை நேரம் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி. "பாலத்துல ஒரு பக்கத்தை மூடிட்டாங்க. பஸ் நகரவே இல்ல. பாதியில இறங்கி ஓடிப்போய் ரயில் பிடிச்சேன். பாருங்க, இன்னும் மூச்சு வாங்குது."

"டாக்ஸின்னா?"

"டாக்ஸியும் அதே பாலத்து மேலதானே போகணும், பறந்தா போகும்?"

டீச்சர் டாக்ஸி வரிசையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க பதிவு ஆபீசுக்குப் போகணும்" என்றாள் மருமகள்.

"பெரிய லைப்ரரி பக்கத்துல இருக்கிறதா? அப்ப வேக ரயில்ல ஏறிடாதீங்க. அது எங்கேயும் நிக்காம ஊர்க் கோடிக்குக் கொண்டுபோய் விட்டுடும். சாதா ரயில் லைப்ரரியில நிக்கும். கால் மணிக்கு ஒண்ணு. முன்னாடியிருந்து மூணாவது பெட்டியில ஏறுங்க, இறங்கினா எதிர்லேயே எஸ்கலேட்டர். பின்னாடி ஏறிட்டீங்கன்னா பிளாட்பாரம் முழுக்க நடக்கணும்."

விசாரணை ஜன்னலில் இருப்பவர்களுக்கு அட்டவணை தெரியும். இன்று காலை பாலத்தில் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது. இந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்க்காத மருமகள், இரண்டு நிமிஷத்தில் சரியான ஆளைக் கண்டுபிடித்துச் சரியான கேள்வியைக் கேட்டிருந்தாள். டீச்சருக்கு அது புரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"வேக ரயில் இருபது நிமிஷம்னு போர்டுல போட்டிருக்கான். சாதா ரயில் முப்பத்தி நாலு. எது பெருசுன்னு எனக்குத் தெரியாதா?"

"வேக ரயில் அடுத்தது பதினொண்ணே காலுக்குத்தான் அத்தை. போய்ச் சேரும்போது பதினொண்ணு முப்பத்தஞ்சு. அங்க இறங்கி, வேற ரயில் மாறி, வந்த வழியே மூணு ஸ்டேஷன் திரும்பி வரணும். சாதா ரயில் பதினொண்ணு ரெண்டுக்கு இருக்கு. பதினொண்ணு முப்பத்தாறுக்கு லைப்ரரியில இருப்போம்."

டீச்சர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். விடை சரியாகத்தான் இருந்தது. வகுப்பில் யாராவது இப்படி ஒரு கணக்கைப் பலகைக்கு வராமலே போட்டிருந்தால் அவர் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டியிருப்பார்.

"சரி, வா. ரயிலுக்கே போகலாம்."

"அதுலதான் ஒரு சிக்கல்." மருமகள் தள்ளுவண்டியைப் பார்த்தாள். "தள்ளுவண்டியை ரயில்ல ஏத்த விடமாட்டாங்க. ரெண்டு ஆள், நாலு கை, அஞ்சு உருப்படி. இடிக்குதே அத்தை."

"அதுக்கு?"

"சாமானுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நமக்குத்தான் அவசரம். கீழ்த்தளத்துல பெட்டி வெச்சுட்டுப் போற இடம் இருக்கு, அம்புக்குறி போட்டிருக்காங்க. இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் நானே வந்து எடுத்துட்டு வரேன்."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. இரண்டு கையாலும் அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டார்.

"முடியாது. நாலு வருஷம் கழிச்சு அவ முன்னாடி வெறும் கையை வீசிக்கிட்டுப் போய் நிக்கச் சொல்றியா?"

மருமகள் அவசரப்படவில்லை. இத்தனை அவசரத்திலும் அவசரப்படாத அந்தக் குரலை டீச்சர் இதற்கு முன் கவனித்ததே இல்லை.

"அப்ப ஒண்ணு மட்டும் எடுத்துக்கலாம். இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கு குட்டி கையில கொடுத்தே ஆகணும்னு எது இருக்கோ, அதைச் சொல்லுங்க. நான் தூக்கிட்டு வரேன்."

டீச்சர் ஐந்தையும் பார்த்தார். கல்லூரி நோட்டுகள். பழைய போர்வை. சின்னதாகிப்போன சட்டைகள். உடைந்த கைக்கடிகாரங்களைப் போட்டு வைத்த டப்பா. குட்டி விட்டுவிட்டுப் போனவை இவை. வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எதை எடுத்துப் பார்த்தாலும் அதை அவள் கையில் கொடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மணி பத்து ஐம்பது.

"எதுவும் வேண்டாம்" என்றார், அட்டைப்பெட்டியிலிருந்து கையை எடுத்தபடி. "எல்லாத்தையும் போடு உள்ளே."

"நல்லதாப் போச்சு. கை சும்மா இருந்தாதான் அத்தை ஓட முடியும்" என்றாள் அவள்.

பெட்டி வைக்கும் இடத்தில் இருந்தவர் அட்டைப்பெட்டியைத் தூக்கி, திருப்பி, கயிற்றை ஒரு தரம் சுண்டிப் பார்த்தார். "இது யாரு போட்ட கட்டு?"

"நான்தான். ஏன், பிரிஞ்சிடுமா?"

"பிரியறதா! பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன். இப்படி ஒரு கட்டு இந்த மேசைக்கு வந்ததில்ல."

டீச்சருக்குச் சம்பந்தமே இல்லாமல் பெருமையாக இருந்தது. "வீடு மாத்திக் கொடுக்கற கம்பெனில மேற்பார்வையாளரா இருக்கா" என்றார், அவர் கேட்காமலே. "என் மருமக."

மருமகள் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் காதுமடல் சிவந்திருந்தது.

*

மூன்றாவது பெட்டி. ஜன்னலோர இடம். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்றுதான் போனது. இடையில் ஓரிடத்தில், தூரத்தில் பாலம் தெரிந்தது. அதன் மேல் வண்டிகள் தீப்பெட்டி அடுக்கியது போல அசையாமல் நின்றன. டீச்சர் அதைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார். ‘சொன்னேன் இல்ல’ என்று அவள் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"உன் வேலையில தினமும் இப்படித்தானா?"

அவள் கண்ணைத் திறந்தாள். ஆறு வருஷத்தில் மாமியார் அவள் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"தினமும்தான் அத்தை. சாமான் ஏத்தறது சுலபம். ஆளுங்களைக் கிளப்பறதுதான் கஷ்டம். போன மாசம் ஒருத்தர், வெறும் அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் வெளியே வரலை. உள்ள எதையோ தேடறாராம். ஒண்ணுமே இல்ல அதுல. அழுதுட்டு இருந்தார், அவ்வளவுதான். லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் போய் அவர் பக்கத்துல உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவரே எழுந்து வந்தார். வந்து, டீ சாப்பிடலாமான்னு கேட்டார்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் முன்பு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றது யார் என்று அவருக்குத் தெரியும். அப்போது இந்தப் பெண் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. வீட்டில் ஆறு வருஷமாக இவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டும் இவள் யாரென்று பார்க்காமல் விட்டோமே என்று நினைத்தபோது கன்னத்தில் சூடு ஏறியது.

பதினொன்று முப்பத்தாறு. கதவு திறந்தது. எதிரிலேயே எஸ்கலேட்டர்.

*

பதிவு அலுவலகம் இரண்டாவது மாடியில். கல்யாணத்துக்கு வந்தவர்கள் நீள வராந்தாவில் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் நீல உடையில் தனியாக ஒரு பெண், போனைக் காதில் வைத்தபடி. தோள் அகன்றிருந்தது, முகம் வெயிலில் கறுத்திருந்தது. டீச்சருக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது.

குட்டி நிமிர்ந்தாள். போன் கையிலிருந்து நழுவி பெஞ்சில் விழுந்தது.

"அம்மா?"

டீச்சர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. "மணி பதினொண்ணு நாற்பத்தஞ்சுதான் ஆகுது" என்றார். "லேட் இல்லையே?"

குட்டி சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த உள்ளங்கை காய்ப்புக் காய்த்துச் சொரசொரவென்று இருந்தது. டீச்சர் விடவில்லை.

"ஆனா நீங்க எப்படி வந்தீங்க?" என்று திடீரென்று கேட்டாள் குட்டி. "அவரு ஏர்போர்ட்ல இல்ல நிக்கிறாரு?"

"எவரு?"

"கல்யாண மாப்பிள்ளை! அஞ்சு உருப்படி வருதுன்னு அண்ணன் சொல்லியிருக்கான். எங்கிட்டகூடச் சொல்லாம யாரோட வேனையோ கேட்டு வாங்கிக்கிட்டுக் காலையிலேயே கிளம்பிட்டாரு. பாலத்துல மாட்டிக்கிட்டு இப்பதான் போய்ச் சேர்ந்திருக்காரு. வாசல்ல பேர் எழுதின அட்டையோட நிக்கிறாராம். உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன்!"

டீச்சர் கைப்பையைத் திறந்தார். விமானத்தில் அணைத்த போன் அணைத்தபடியே கிடந்தது. உயிர் கொடுத்ததும் தவறிய அழைப்புகள் ஒன்பது என்று காட்டியது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மாமியாரை வரவேற்க விமான நிலையத்தில். மாமியார் மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்தில்.

குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க. அடுத்த தேதி ஒன்றரை மாசம் கழிச்சுத்தான். அவரு திரும்ப அந்தப் பாலத்து மேல வந்தா..."

"அண்ணிகிட்ட கொடு போனை" என்றார் டீச்சர்.

மருமகள் போனை வாங்கினாள். "தம்பி, நான் அண்ணி பேசறேன். பதற்றப்படாதீங்க. வேன் எங்க நிக்குது? நிறுத்துமிடத்துலதானே? அங்கேயே இருக்கட்டும், சாயங்காலம் எங்க பெட்டியை அதுலதான் ஏத்தணும். நீங்க இப்ப கீழ இறங்குங்க. வேக ரயில் வேண்டாம், சாதா ரயில். பன்னிரண்டு ரெண்டுக்கு ஒண்ணு, விட்டுட்டா பன்னிரண்டு பதினேழு. முன்னாடியிருந்து மூணாவது பெட்டி. லைப்ரரியில இறங்குங்க, எஸ்கலேட்டர் மேல நான் நிக்கிறேன். அட்டையைக் கையிலேயே வெச்சிருங்க, எனக்கு உங்க முகம் தெரியாது."

போனைக் கொடுத்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போயேவிட்டாள்.

குட்டி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி இப்படியாம்மா?"

"இப்படித்தான்" என்றார் டீச்சர், ரொம்ப நாளாகத் தெரிந்தவர் போல.

*

பெஞ்சில் அம்மாவும் பெண்ணும் காத்திருந்தார்கள். எண்பது மீட்டர் உயரத்தில் காற்று எப்படி இருக்கும், கொக்கியில் தொங்கும் இரும்பு எந்தப் பக்கம் ஆடும் என்பதை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது என்றெல்லாம் குட்டி சொன்னாள். டீச்சர் நடுவில் புகுந்து, நீளம் எவ்வளவு, கோணம் எவ்வளவு என்று கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. தான் பலகையில் சாக்பீஸால் போட்டதையெல்லாம் இவள் வானத்தில் நின்று போடுகிறாள்!

"அவங்க வீட்ல யாரும் வரலையா?"

குட்டி தலை குனிந்தாள். "அம்மா கிடையாது அவருக்கு. அப்பா வரமாட்டேன்னுட்டாரு. கிரேன் ஓட்டற பொண்ணு குடும்பத்துக்கு ஒத்து வராதாம்."

"என்னது?" டீச்சரின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "கிரேன் ஓட்டறதுல என்ன குறைச்சலாம் அவருக்கு? எண்பது மீட்டர் உயரத்துல உக்காந்து நாலு டன் இரும்பை ஒரு விரலால இறக்கி வைக்கிறா என் பொண்ணு! அவரால ஏணியில ஏற முடியுமான்னு கேளு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. குட்டி நெருங்கி உட்கார்ந்தாள். அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் நனைந்தது.

பன்னிரண்டு ஐம்பது. ஐம்பத்தைந்து. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குமாஸ்தா வெளியே வந்து, சாவிக்கொத்தைக் குலுக்கினார். "மாப்பிள்ளை இருக்காரா, இல்லையா? ஒரு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட முடியாதும்மா."

மணி அடித்த மறு நொடியே வகுப்பறைக் கதவைச் சாத்தியவர் டீச்சர். காய்ச்சலில் வந்த பிள்ளையையும் வெளியே நிறுத்தியவர். அவர் எழுந்து போய்க் குமாஸ்தாவின் முன்னால் நின்றார்.

"சார், ரெண்டே நிமிஷம். வந்துடுவாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"கூட்டிட்டு வரப் போயிருக்கிறது என் மருமக. நேரம் சொன்னா சொன்னதுதான்."

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய முள் பன்னிரண்டைத் தொட இருந்தது. அப்போது கீழ்ப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். முதலில் மருமகளின் தலை தெரிந்தது. அவள் பின்னால் கையில் அட்டையோடு, மூச்சிரைக்க, நீள மூக்குள்ள ஒரு இளைஞன்.

"பன்னிரண்டு ரெண்டு கிடைக்கலை அத்தை" என்றாள் மருமகள் மூச்சு வாங்கியபடி. "இவரால ஓடியிருக்க முடியும். காலையிலேயே வேன்ல கூட ஏறிக்கிட்டவரால முடியலை."

"கூட யாரு?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்து நின்றார் ஒரு பெரியவர். அதே நீள மூக்கு. "அவரோட அப்பா" என்று குட்டி அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள். பெரியவர் யார் முகத்தையும் பார்க்காமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். மீதி அடுத்த வாரம்.